நாலு விரல் இறக்கம்

மரக்கடைக்காரர் தம் மருமகனின் பட்டறைக்குள் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. நுழைந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போனவர், எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மருமகன் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, "வாங்க மாமா, இறங்குங்க மாமா" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார்.

பட்டறை கீழே, மகளும் மருமகனும் குடியிருக்கும் வீடு மாடியில். மாடிப்படி வெளிப்பக்கமாக இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. மகளைப் பார்க்க வந்தால் நேரே படியேறுவார், கொஞ்ச நேரம் உட்காருவார், நேரே இறங்கிப் போய்விடுவார். பட்டறைப் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். மகள் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. அதற்காக அவர் சண்டை போடவில்லை. வீட்டு விஷயம் தெருவுக்கு வரக்கூடாது என்று ஒரு குறையும் வைக்காமல் கல்யாணத்தை நடத்திக் கொடுத்தார். ஆனால் மாப்பிள்ளையின் தொழில் மட்டும் அவர் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. வாலிபப் பையன்களின் கார்களைத் தவளை மாதிரி தரையைத் தேய்க்கிற அளவுக்குத் தாழ்த்திக் கொடுப்பதெல்லாம் ஒரு தொழிலா? "தவளை வைத்தியர்" என்று ஒருமுறை நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். அது மருமகன் காதுக்கும் போயிற்று. கேட்டுவிட்டு மருமகன் வாய்விட்டுச் சிரித்ததாகச் சொன்னார்கள். அது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை.

"என்ன மாமா, வண்டியில ஏதாவது கோளாறா?"

"எங்கப்பா வாங்கின வண்டி. கோளாறு வர்ற வண்டி இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். பின்னால் காற்றடிக்கும் எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, "முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கணும்" என்றார். பாழாய்ப்போன எந்திரம் அந்த நேரம் பார்த்தா நிற்க வேண்டும்? அவர் சொன்னது பட்டறை முழுக்கக் கேட்டது.

மருமகன் சிரிக்கவில்லை. மேலே கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். "அத்தை சொன்னாங்களா?"

"அவ சொல்லாம நான் ஏன் வர்றேன்?"

அவர் மனைவி மூன்று மாதமாக அந்த மாடியில்தான் இருந்தாள். ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நடந்த சங்கதி அது. வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிக்கப் வண்டி உயரமானது. எப்போதும் அவள் கதவுக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டுதான் ஏறுவாள். அன்றைக்குக் கால் எட்டவில்லை. ஒரு தடவை எம்பினாள், முடியவில்லை. மறுபடி எம்பினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் இறங்கி வந்து கை கொடுத்திருக்கலாம். அவர் வாய்க்குள்ளேயே, "சீக்கிரம் ஏறு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். அவள் அவசரப்பட்டாள். முழங்கால் தரையில் இடித்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அறுவை சிகிச்சை முடிந்ததும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று மகள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அது நியாயம். ஆனால் இப்போதுதான் அவள் கோல் இல்லாமல் நடக்கிறாளே! வீட்டில் அவர் குளியலறைச் சுவரில் தம் கையால் தேர்ந்தெடுத்த மரத்தில் வழவழவென்று கைப்பிடி செய்து வைத்துவிட்டார். படுக்கையைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டார். எல்லாம் செய்துவிட்டு வந்து கூப்பிட்டால், அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வண்டிய இறக்குங்க, வர்றேன்."

"வாடகைக் கார் கூப்பிடறேன். சொகுசா வந்து சேரலாம்."

"வீடு வந்து சேந்துடலாம். அப்புறம்? கடைத்தெருவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, நாலு சொந்தக்காரங்க வீட்டுக்கு? ஒவ்வொண்ணுக்கும் வாடகைக் காரா?"

"அப்ப ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கலாம்."

"ஸ்டூல் போட்டு என்னைய ஏத்தறதை ஊரே நின்னு வேடிக்கை பாக்கணுமா? நானா கால் வெச்சு, நானா ஏறணும். முடியும்னா சொல்லுங்க. முடியாதுன்னாலும் சொல்லுங்க, எனக்கு இங்க ஒண்ணும் குறையில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைப் பட்டறை வரைக்கும் கொண்டுவந்தது. முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள், மருமகன் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்கிறாள்! நாளைக்கு யாராவது, "உங்க வீட்டம்மா இன்னும் பொண்ணு வீட்லதானா?" என்று கேட்டால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதைவிட, விடிந்தால் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் கவிழ்க்கிற வேலை அவருக்குப் பழகவே இல்லை. ஆனால் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தமக்கே சொல்லிக்கொண்டதில்லை.

மருமகன் அவரைப் படிக்கட்டின் அடிப்பக்கம் அழைத்துப் போனான். சுவரில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாக்பீஸ் கோடு இருந்தது.

"இது அத்தையோட உயரம் மாமா. வலிக்காம அத்தை கால் தூக்கற உயரம். டாக்டர் சொன்ன பயிற்சிக்காக உங்க பொண்ணு போட்ட கோடு. முதல் வாரத்துல கோடு இங்க இருந்தது." கணுக்காலுக்குப் பக்கத்தில் அழிந்துபோன இன்னொரு கோட்டைக் காட்டினான். "இதுக்கு மேல ஏறாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

நாடாவை எடுத்து வந்து வண்டியின் வாசல் விளிம்பை அளந்தான். கோட்டின் அளவோடு சேர்த்துப் பார்த்தான். கைவிரல்களை ஒட்டவைத்துக் காட்டினான். "நாலு விரல் இறங்கணும்."

"ரெண்டு போதாதா?"

"ரெண்டு விரல் இறக்கினா நுனிக்கால்தான் படும். நுனிக்கால்ல உடம்பைத் தூக்கினா அந்த முட்டி தாங்காது."

"வண்டி எப்படி நிக்கும்?"

மருமகன் கொஞ்சம் தயங்கினான். "பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். நீங்க மரம் ஏத்தற வண்டி, அதைத் தொடக்கூடாது. முன்பக்கம் மட்டும்தான் இறக்கலாம். சுமை இல்லாதப்ப மூக்கு லேசா குனிஞ்ச மாதிரி தெரியும்."

"எங்க வண்டி இதுவரைக்கும் யார் முன்னாடியும் குனிஞ்சு நின்னதில்ல, மாப்பிள்ளை."

"அத்தை முன்னாடிதானே மாமா குனியுது."

அவர் வாசலோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தாலும் கண் வேலையில்தான் இருந்தது. மருமகன் வண்டிக்கு முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு முன்சக்கரங்களையும் அந்தரத்தில் தொங்கவிட்டான். அடியில் மல்லாந்து போய்க்கொண்டே, "மாமா, இந்த மாடல் வண்டியில முன்னாடி சுருள் ஸ்பிரிங் கிடையாது" என்று குரல் கொடுத்தான். "ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நீளக் கம்பி. அது முறுக்கிக்கிட்டு நின்னுதான் வண்டியைத் தாங்குது. கம்பியோட பின்முனையில ஒரு போல்ட் இருக்கு. இறுக்கினா மூக்கு தூக்கும், தளர்த்தினா இறங்கும். வெட்டற வேலை, ஒட்டற வேலை எதுவும் இல்ல. எப்ப வேணும்னாலும் பழையபடி தூக்கிக்கலாம்."

பாவம், ஆறுதலுக்குத்தான் சொன்னான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு போல்ட்டையும் சமமாகத் தளர்த்தினான். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, சக்கரம் தன் இடத்தில் அமர்ந்த பிறகு அளந்தான். மறுபடி தூக்கி, அரைச் சுற்று. மறுபடி உருட்டல். கடைசியில் சக்கரங்களின் கோணத்தையும் நேர்பண்ணிக் கொடுத்தபோது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. மகள் படியிறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"பரவாயில்லையேப்பா! இப்பத்தான் பாக்க மனுஷங்க ஏறற வண்டி மாதிரி இருக்கு."

"இவ்வளவு நாள் யார் ஏறினா? நீ பள்ளிக்கூடம் போனது இதுலதானே?"

"நான் ஏறலப்பா. நீங்க தூக்கிப் போட்டீங்க." அவள் சிரித்தாள். "அம்மாவுக்குத் துணிமணி, மருந்தெல்லாம் எடுத்து வைக்கணும். நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போங்க. அம்மாவே சொல்லச் சொன்னாங்க."

அவர் வண்டியை வெளியே எடுத்தபோது, மாடி ஜன்னலில் யாரோ நின்ற மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தால், சாதித்துவிட்டாய் என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. பிறகு எத்தனையோ தடவை அவர் அதை நினைத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

பெட்ரோல் போடும் இடத்தில்தான் வினை காத்திருந்தது. அவருடைய பங்காளி ஒருவர் எதிரில் பெயின்ட் கடை வைத்திருந்தார். சித்தப்பா மகன். மரக்கடைக்காரர் வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட, எத்தனை துண்டாய் உடைந்தது என்று விசாரிக்கிற ஆள். வண்டியைப் பார்த்ததும் கடையிலிருந்தே இறங்கி வந்துவிட்டார்.

"என்னண்ணே, வண்டி யாரையோ கும்பிட்டுக்கிட்டே வருது?"

"வேலை இருந்தா போய்ப் பாரு."

"இல்ல, எங்கேருந்து வருதுன்னு பாத்தேன். ஓ, மாப்பிள்ளை பட்டறையிலேருந்தா!" கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். "அதானே! பொண்ணைக் கொடுத்த இடம். குனிஞ்சுதான் ஆகணும். நீங்க குனியலன்னாலும் வண்டியாவது குனியுதே!"

பெட்ரோல் போடும் பையன் குழாயைப் பிடித்தபடியே களுக்கென்று சிரித்துவிட்டான். மரக்கடைக்காரர் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வண்டியைக் கிளப்பினார். காது மடல் இரண்டும் சூடாகிவிட்டது. மரக்கடை வாசலில் அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வண்டி தெருவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். கதவில் அப்பா பெயர் எழுதியிருக்கும். அன்று அதே இடத்தில் நிறுத்திவிட்டு, எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்தார். திட்டு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி நின்றது வண்டி.

மத்தியானம் கடையில் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் வண்டியை உள்ளே மர அடுக்குகளுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஜாக்கியை எடுத்தார். ஒரு சாக்கை விரித்தார். அந்த வயதில் வண்டிக்கு அடியில் போவது சுலபமில்லை. மரத்தூள் கண்ணில் விழுந்தது, முழங்கை சிராய்த்தது. போல்ட்டைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை, மருமகன் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்ததால் பளபளவென்று தெரிந்தது. ஸ்பானரைப் போட்டு இறுக்கினார். 'முழுசா ஏத்தலையே' என்று தமக்குத் தாமே நியாயம் சொல்லிக்கொண்டார். 'ரெண்டு விரல் அவளுக்கு, ரெண்டு விரல் எனக்கு. இத்தனை வருஷக் குடும்பத்துல இதுகூட விட்டுக்கொடுக்க மாட்டாளா?' சுவரில் இருந்த சாக்பீஸ் கோடு நினைவுக்கு வராமல் இல்லை. டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

வெளியே கொண்டுவந்து நிறுத்தியபோது வண்டி பாதியளவு பழையபடி நிமிர்ந்திருந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்துக்காகப் பிற்பாடு வெட்கப்பட்டார்.

மறுநாள் காலை, சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் வண்டி இடப்பக்கமாக இழுத்தது. ஒரு பக்கத்துப் போல்ட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டார் போலும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டியதில் மணிக்கட்டு வலித்தது. வீட்டுக்குப் போனதும் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அவள் தயாராகக் கீழே வந்து நின்றிருந்தாள். புதுச் செருப்பு. தலையை வாரி முடிந்திருந்தாள். மூன்று மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு களையை அவர் பார்க்கவில்லை. மகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். மருமகன் பட்டறை வாசலில்.

"நீங்க இறங்க வேணாம்" என்றாள் அவரிடம். "நானே ஏறறேன்."

கதவைத் திறந்தாள். கம்பியைப் பிடித்தாள். காலைத் தூக்கினாள். செருப்பின் நுனி விளிம்பில் தட்டிக் கீழே இறங்கியது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது போல. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மறுபடி தூக்கினாள். கட்டைவிரல் மட்டும் விளிம்பைத் தொட்டது. அதில் பாரத்தைப் போடப் பார்த்தாள். முகம் சுண்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு காலைத் தரைக்குக் கொண்டுவந்தாள்.

"அளந்துதானே செஞ்சேன்னீங்க?" மகள் புருஷன் மேல் பாய்ந்தாள். "எங்கம்மா பத்து நாளா அந்தக் கோட்டுல கால் வெச்சுப் பழகினாங்க. ஒரு தடவைகூடத் தப்பல!"

மருமகன் வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். கையை ஊன்றி அடியில் பார்த்தான். எண்ணெய் தடவிய போல்ட்டின் மேல் ஸ்பானர் உராய்ந்த புதுத்தடம் அவன் கண்ணுக்குத் தப்பியிருக்காது. ஏனென்றால் எழுந்தவன் நேராக மாமனாரைத்தான் பார்த்தான். ஒரே ஒரு நொடி. அந்த நொடியில் அவர் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய கம்பி" என்றான் மருமகன் மெதுவாக. "ராத்திரியில கொஞ்சம் மாறியிருக்கும். என் தப்புதான், இன்னொரு தடவை பாத்திருக்கணும்."

"கம்பி பழசானா வண்டி இறங்கும். ஏறுமா?"

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? பட்டறைக்காரன் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?"

"ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "பையையும் எடுத்துட்டுப் போ."

அவர்கள் போன பிறகு அவள் கதவருகிலேயே நின்றாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. அவர் இறங்கி அந்தப் பக்கம் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்துக்கொண்டேதான் இருந்தார்.

"நேத்து மாடியிலேருந்து பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "போறப்ப குனிஞ்சு போச்சு. இன்னைக்கு நிமிந்து வந்திருக்கு. முப்பத்தஞ்சு வருஷமா பாக்கற வண்டி, எனக்குத் தெரியாதுங்களா?"

"ரெண்டு விரல்தான்" என்றார் அவர். சொன்ன பிறகுதான், அவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா என்று அது தம்மையே திருப்பிக் கேட்பது அவருக்கு உறைத்தது.

"அந்தப் பிள்ளை தன் தலையில போட்டுக்கிச்சே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களைக் குறை சொல்லலைங்க. உங்களுக்கு வண்டி நிமிந்து நிக்கணும். எனக்குக் கால் வைக்க எடம் வேணும். ரெண்டும் ஒரே வண்டியில நடக்காது."

"இப்பவே இறக்கச் சொல்றேன். ஒரு மணி நேர வேலை. நீ மேல போய் உக்காரு, முடிஞ்சதும் கூப்பிடறேன்."

"இறக்குவீங்க. எவனாவது ஒருத்தன் ஏதாவது சொல்லுவான். நான் தூங்கற நேரம் பாத்து மறுபடி ஏத்துவீங்க." அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஒவ்வொரு தடவை கால் தூக்கறப்பவும், இன்னைக்கு எவ்வளவு உயரமோன்னு பயந்துக்கிட்டே ஏற முடியாதுங்க. கால் ஒருதடவை ஒடைஞ்சா போதும்."

கதவை அவளே சாத்தினாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். சாக்பீஸ் கோட்டுக்கும் கீழான படிகள்; ஒன்றுகூட அவளைத் தடுக்கவில்லை.

மரக்கடைக்காரர் வண்டியைப் பட்டறைக்குள் எடுத்துப் போனார். மருமகன் ஏதோ காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"மாப்பிள்ளை." தலை நிமிர்ந்தேதான் இருந்தது, அது அவர் பழக்கம். "நான்தான் ஏத்தினேன்."

"தெரியும் மாமா."

"உங்க வீட்டுக்காரிகிட்டயும் நானே சொல்லிடறேன்."

"சொல்லலாம், அவசரம் இல்ல. அவ கையில இப்ப கரண்டி இருக்கு."

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "பழையபடி நாலு விரல் இறக்கிடுங்க. இறக்கிட்டு, அந்த போல்ட்டு ரெண்டையும் அப்படியே வெல்டு வெச்சிடுங்க. நான் நெனச்சாலும் திருப்ப முடியாதபடி."

மருமகன் தலையை ஆட்டினான். "அது முடியாது மாமா. அந்தச் சூடு பட்டா கம்பியோட முறுக்குத்தன்மை போயிடும். ஓடிக்கிட்டிருக்கறப்ப உடைஞ்சாலும் உடையும். அதைப் பூட்டி வைக்க வழியே கிடையாது. தொடாம விடணும், அவ்வளவுதான்."

வேலை முடிகிறவரை அவர் நாற்காலியில் உட்காரவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, கேட்டபோது ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் மாடிக்குப் போய் மகளிடம் விஷயத்தைச் சொன்னார். மகள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். "முழங்கையில என்னப்பா காயம்?" என்று கேட்டு மருந்து தடவிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மனைவி உள் அறையில் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். தூங்கினாளா என்று தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பெட்ரோல் போடும் இடத்தைத் தாண்டும்போது பங்காளி கை தட்டிச் சிரித்தார். "மறுபடியும் குனிஞ்சாச்சா?" அடுத்த நாள் இரண்டு பேர் கேட்டார்கள். அதற்கடுத்த நாள் ஒருவர். பிறகு யாரும் கேட்கவில்லை. பெயின்ட் கடையில் பங்காளிக்கும் அவர் கூட்டாளிக்கும் தகராறு வந்து, தெருவுக்குப் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது. வண்டி தினமும் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அதே இடத்தில் நின்றது. அதன் முன்னால் நின்று மரம் விலை பேசினார்கள், அதன் மேல் சாய்ந்துகொண்டு பீடி குடித்தார்கள், கதவில் எழுதியிருந்த பெயரைச் சொல்லி, இன்னார் மகன் என்று மரியாதையோடுதான் அவரைக் கூப்பிட்டார்கள். எந்தக் கண்களுக்காக அவர் சாக்கை விரித்து அடியில் போனாரோ, அந்தக் கண்களுக்கு அந்த நாலு விரலை மறக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிறார். அவள் இறங்கி வருவாள். கதவைத் திறப்பாள். கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கி விளிம்பில் வைப்பாள். முழுப் பாதமும் படிந்து உட்காரும். அவர் அந்தப் பக்கம் வந்து, கைக்கு எட்டுகிற தூரத்தில், கையை நீட்டாமல் நிற்பார். கேட்டால் கொடுக்கலாம் என்று நிற்பார். அவள் கொஞ்ச நேரம் அப்படியே காலை வைத்திருந்துவிட்டு எடுத்துவிடுவாள்.

முதல் ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, "எடம் சரியா இருக்கு" என்றாள். போன வாரம் ஏறியே உட்கார்ந்துவிட்டாள். அவர் சுற்றிப் போய் ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பலாமா என்று சாவியில் கை வைத்தார்.

"கிளப்பாதீங்க" என்றாள். "சும்மா உக்காந்து பாத்தேன்."

"வீட்ல குளியலறையில கைப்பிடி வெச்சிருக்கேன்" என்றார் அவர். இதற்கு முன்பே சொன்னதுதான். வேறு சொல்ல ஒன்றும் வரவில்லை.

"சொன்னீங்க." அவள் முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் மூக்கு தாழ்ந்ததால் தெரு முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை கொண்டுவர்றது இருக்கட்டும். நடுவுல ஒருநாள், நான் சொல்லாத நாளா பாத்துக் கொண்டுவாங்க. அன்னைக்கும் இப்படியே இருக்குதான்னு பாக்கறேன்."

"என்னைக்கு வரட்டும்?"

"அதைத்தான் சொல்லக்கூடாதுங்கறேன்."

இறங்கும்போது அவள் கம்பியைத்தான் பிடித்தாள். அவர் சுற்றி வந்து கை நீட்டினார், கொஞ்சம் தாமதமாக. அவள் அதற்குள் தரைக்கு வந்துவிட்டாள்.